கூறு போட்ட மருந்து

எய்யா துரை,

தாராவியில் ஒரு பஸ் ஏறினால் செம்பூருக்கு வந்துவிடக்கூடியவள் எதற்காகத் தபால்தலை ஒட்டிக் கடிதம் போடுகிறாள் என்று நீ யோசிப்பாய். நேரில் வந்தால் நீ பாதிப் பேச்சில் புகுந்து, "அம்மா, இது ஒனக்கு வெளங்காது, விடு" என்பாய். எனக்குக் கோபம் வரும். அத்தோடு பேச்சு முடிந்துபோகும். இத்தனை வருஷமாக முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் ஊரார் பிள்ளைகளை வாய்மேல் விரல்வைத்து உட்காரவைத்தவளுக்குப் பெற்ற பிள்ளையை மட்டும் உட்காரவைக்கத் தெரியவில்லை. காகிதத்தில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. இதன் இன்னொரு பிரதியை நம் ஊர்ச் சங்கத்தில் கொடுத்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். மகனுக்கு எழுதியதை ஊருக்கு வாசிப்பதா என்று உனக்குச் சுருக்கென்று இருக்கும். இருக்கட்டும். இது நம் வீட்டுக்குள் முடிகிற விஷயமில்லை என்பது கடைசிவரை படித்தால் உனக்கே தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட வந்தாய். நல்ல மழை. சாக்கடைத் தண்ணீர் நம் வாசல்படிவரை ஏறியிருந்தது, நீ பேண்டை முழங்காலுக்கு மடித்துவிட்டுக்கொண்டு வந்தாய். நெத்திலிக் குழம்பைப் பிசைந்துகொண்டே உன் புது உத்தியோகத்தைப் பற்றிச் சொன்னாய். செம்பூர், டிராம்பே பக்கத்துச் சுகாதாரப் பணத்தில் எந்த நோய்க்கு எவ்வளவு என்று பிரித்து எழுதும் பொறுப்பு இந்த வருஷம் உன்னிடம் வந்திருக்கிறது. மேலே இருப்பவர்கள் நீ எழுதிக்கொடுப்பதில் கையெழுத்துப் போடுவார்கள், வருகிற திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். காசநோய்க்காரர்களுக்கு மருந்து, பெரியம்மைக்குத் தடுப்பூசி, காலரா ஊசி, கொசு மருந்து, குடிதண்ணீர்க் குழாயை ஒட்டி ஓடும் சாக்கடையை மூடுவது என்று எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. பணமோ யானைப் பசிக்குச் சோளப்பொரி. "மண்டையப் பிச்சிக்கிட்டேம்மா. கடைசில எல்லாத்துக்கும் சமமாப் பிரிச்சுட்டேன். இனி ஒரு பயலும் வாயத் தொறக்க முடியாது" என்று சிரித்துவிட்டு, இன்னும் ஒரு கரண்டி சோறு கேட்டாய். நான் போட்டேன். என் முகத்தை நீ பார்க்கவில்லை, நெத்திலியில் முள் பார்த்துக்கொண்டிருந்தாய்.

சமமாக என்ற சொல்லைக் கேட்டுப் பயப்படுகிற ஒரே ஆள் பம்பாயில் நானாகத்தான் இருக்கும். நீ பிறந்த நாளிலிருந்து பார்த்துவந்ததுதான், ஆனாலும் வாசிக்கும்போது கேட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம் அம்மன் கொடைத் திருவிழா முடிந்ததும் வெட்டிய கிடாவைக் கூறு போடுவார்கள் அல்லவா? வரி கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கூறு. சங்கத்துத் தலைவர் வீட்டுக்கும் ஒரு கூறுதான், நேற்று ரயிலிறங்கி வந்தவன் வீட்டுக்கும் ஒரு கூறுதான். எல்லாவற்றிலும் கொஞ்சம் எலும்பு, கொஞ்சம் ஈரல், கொஞ்சம் கொழுப்பு. பிறகு ஒருவர் கறிக்கு முதுகைக் காட்டி நிற்பார், மற்றவர் ஒரு கூறைத் தொட்டு "இது ஆருக்கு?" என்பார், பார்க்காமல் நிற்பவர் ஒரு பெயரைச் சொல்வார். சண்டைக்கே இடமில்லை. கூறு போட உன் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். தோல்ஷாப்பில் உப்புத் தோலைத் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன அந்தக் கைக்குத் தராசே வேண்டாம் என்பார்கள். அவருக்கும் அதில் ஏகப் பெருமை. கொடைக்கு மறுநாள் அவர் நடக்கிற நடையே வேறு.

சீனாக்காரனோடு சண்டை வந்த வருஷம் நீ டாக்டருக்குப் படித்துக்கொண்டு பரேலில் ஹாஸ்டலில் இருந்தாய், பரீட்சை என்று மாதக்கணக்கில் வீட்டுப்பக்கம் வரவில்லை. அப்பாவுக்குக் காசநோய் வந்ததும், மருந்து தின்றதும், தேறியதும், பிறகு போய்ச் சேர்ந்ததும் உனக்குத் தெரியும். நடுவில் சங்கத்து அறையில் நடந்ததை உன்னிடம் யாரும் விவரமாகச் சொல்லவில்லை. ஒளித்துவைத்ததால் அல்ல. அதில் சொல்ல என்ன இருக்கிறது, எல்லாம் நியாயமாகத்தானே நடந்தது என்று நாங்கள் எல்லோருமே நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த வருஷம் நம் சந்தில் இருமல் சத்தம் இல்லாத சுவரே கிடையாது. பகல் ஷிப்டுக்காரன் எழுந்த பாயில் ராத்திரி ஷிப்டுக்காரன் படுக்கிற அறைகள். ஒருவன் இருமிவிட்டுப் போவான், அடுத்தவன் அந்தக் காற்றிலேயே போர்த்திக்கொண்டு தூங்குவான். தர்ம ஆஸ்பத்திரி வரிசையில் போய் நின்றால் அன்றைய கூலி போச்சு, கூலி போனால் ஊருக்கு மணியார்டர் போச்சு. அதனால் ஒருவரும் போகவில்லை. கடைசியில் சங்கமே மருந்து வாங்கிக் கொடுப்பது என்று முடிவானது. வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டார்கள். அப்பா வேலைசெய்த தோல்ஷாப்பு முதலாளி காதர் பாய், நம் பக்கத்து மனுஷர், கேட்காமலே ஒரு நல்ல தொகையைக் கொடுத்தார். எல்லாம் சேர்த்தும் இருமுகிறவர்களில் பாதிப் பேருக்குத்தான் முழு மருந்து வாங்க முடியும். ஒன்றரை வருஷம் விடாமல் தின்ன வேண்டிய மருந்து அது, உனக்கு நான் சொல்ல வேண்டாம்.

மருந்தை எழுதிக்கொடுத்த மாட்டுங்கா டாக்டர் ஒரு நாள் சங்கத்துக்கே வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, நாங்கள் போட்ட நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். "இதோ பாருங்கோ. பாதிப் பேருக்கு முழுசாக் குடுங்கோ. மீதிப் பேரைக் கையப் பிடிச்சு இழுத்துண்டு போயாவது தர்ம ஆஸ்பத்திரி க்யூவுல நிறுத்துங்கோ. எல்லாருக்கும் பாதி பாதின்னு குடுத்தேள்னா, ஒருத்தருக்குமே குடுக்காததைவிட மோசமாப் போயிடும். கிருமி சாகாது, மருந்தைப் பழகிண்டுடும்." அதோடு இன்னொன்றும் சொன்னார். மருந்துப் பணத்தில் கொஞ்சத்தை எடுத்து, காற்று வருகிற மாதிரி தனியாக ஒரு அறை பிடித்து, இருமுகிற ஆட்களை அங்கே படுக்கவையுங்கள், இருமாதவர்களாவது தப்பிப்பார்கள் என்றார்.

சங்கத் தலைவர் சுடலைமுத்து அண்ணாச்சி நல்லவர்தான். பொதுப்பணத்தில் ஒரு டீ குடிக்க மாட்டார். அவர் கையைக் கட்டிக்கொண்டு எழுந்தார். "டாக்டரையா, நீங்க சொல்லுதது சரியாத்தான் இருக்கும், படிச்சவிய. ஆனா ஆருக்கு இல்லன்னு நீங்களே பேரச் சொல்லிட்டுப் போயிருங்க. நாங்க நாளைக்கும் அவன் மூஞ்சில முழிக்கணும்லா?" டாக்டர் வாசலில் கிடந்த தன் செருப்பைப் பார்த்தார். பின்னால் சுவரோரம் சாய்ந்திருந்த ஒருவர், "வராத சீக்குக்குத் தனி ரூமாக்கும்! வந்தவன் இங்க ரத்தமாத் துப்புதான், அவனப் பாருங்கவே" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த நானும் ஆட்டினேன். உன் அப்பா அப்போது வீட்டில் படுத்து இருமிக்கொண்டிருந்தார். தனி அறையைப் பற்றி யோசிக்கிற நிலையிலா நான் இருந்தேன்? டாக்டர் செருப்பை மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார்.

அடுத்த ஞாயிறு மருந்தைக் கூறு போட்டார்கள். எழுந்து நிற்கவே முடியாத மனுஷனை இரண்டு பேர் தாங்கிக் கூட்டிக்கொண்டு போனார்கள், ஏனென்றால் அவர் கை பட்டால்தான் அது நியாயம். சங்கத்து அறைத் தரையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் வரிசையாக ஊசி மருந்துக் குப்பி, மாத்திரை, பொட்டலம். எல்லாக் கூறும் ஒன்றுபோல. ஒரு கூறில் மாத்திரை கூடிவிட்டது என்று அவருக்கே சந்தேகம் வந்து, கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினார். அண்ணாச்சி முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். "இது ஆருக்கு?" "இசக்கிமுத்துக்கு." "இது ஆருக்கு?" அப்பா தன் பெயர் வந்தபோது மற்றவர்களைப் போலவே கையை நீட்டி வாங்கிக்கொண்டார். எனக்கு அன்றைக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. இப்படி ஒரு மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று நெஞ்சு விம்மியது. இன்றைக்கு அந்தக் காட்சியை நினைத்தால், அந்தச் செய்தித்தாளை அப்படியே சுருட்டி எடுத்திருக்கக் கூடாதா என்றிருக்கிறது.

இதில் மிகவும் கொடுமையானது எது தெரியுமா? எல்லோரும் தேறிவிட்டார்கள். முதல் மாதத்திலேயே காய்ச்சல் விட்டது. துப்பலில் ரத்தம் நின்றது. கன்னத்தில் சதை வைத்தது. இசக்கிமுத்து, நம் எதிர் அறையில் இருந்த அந்தப் பையன், உனக்கு நினைவிருக்கும், குச்சியாகக் கிடந்தவன் மூட்டை தூக்கப் போனான். அப்பா என்னிடம் மீன் வாங்கி வா, கோழி வாங்கி வா என்று கேட்டுச் சாப்பிட்டார். சந்து ராத்திரியில் அமைதியாகிவிட்டது. இருமல் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று நாங்கள் ஒருவரையொருவர் கேலிசெய்துகொண்டோம். மாட்டுங்கா டாக்டருக்கு ரொம்பத்தான் பயமுறுத்தத் தெரியும் என்று அண்ணாச்சி சொன்னார். மருந்து தீர்ந்தபோது யாருக்கும் கவலையில்லை. தேறியவனுக்கு எதற்கு மருந்து? அடுத்த கொடைக்கு உன் அப்பாவே கிடாவைப் பிடித்துக்கொண்டு போனார். நீகூட அப்போது வந்து, அப்பா உடம்பைப் பார்த்துவிட்டு, "நல்ல மருந்தாத் தின்னிருக்காவம்மா" என்றாய்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் இருமல் திரும்ப வந்தது. முதலில் ஒரு சுவருக்குப் பின்னால் கேட்டது. பிறகு எதிர் அறை, பிறகு அதற்கடுத்தது. எனக்கு அந்த நாட்கள் நன்றாக நினைவில் இருக்கின்றன. ஒரு வீட்டில் இருமல் கேட்டால் மற்ற வீடுகளில் பேச்சு நின்றுவிடும். இந்தத் தடவை பயந்துபோய் எல்லோரும் தர்ம ஆஸ்பத்திரிக்கே ஓடினார்கள். கூலி போனாலும் பரவாயில்லை என்று வரிசையில் நின்றார்கள். அதே ஊசியைப் போட்டார்கள், அதே மாத்திரையைக் கொடுத்தார்கள், தவறாமல் தின்றார்கள். சிலருக்குக் கேட்டது. பலருக்குக் கேட்கவில்லை. மாத்திரையைப் பச்சைத் தண்ணீரில் விழுங்குவதும் ஒன்றுதான், சும்மா இருப்பதும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. டாக்டர் சொன்ன மாதிரி கிருமி மருந்தைப் பழகிக்கொண்டுவிட்டது.

அப்பா போனபோது நீ பக்கத்தில் இருந்தாய். அதற்கு முந்தின வாரம் நீ இல்லாத நேரத்தில் அவர் என்னிடம் கேட்டார்: "ஏளா, நான் எல்லாருக்கும் சமமாத்தான குடுத்தேன்? ஒரு மாத்திர கூடக் கொறையக் குடுக்கலியே? பொறவு ஏன் இப்பிடி ஆச்சு?" குழந்தை கணக்குத் தப்பாகிவிட்டது என்று கேட்கிற மாதிரி கேட்டார். நான் என்ன சொல்ல? சமமாகக் கொடுத்ததால்தான் என்று சாகப்போகிறவரிடம் சொல்ல முடியுமா? "நீங்க சரியாத்தான் குடுத்திய, படுங்க" என்றேன். காரியமெல்லாம் முடிந்தபிறகு நீ என்மேல் பாய்ந்தாய். பாதியில் மருந்தை ஏன் நிறுத்த விட்டாய், நான் டாக்டருக்குத்தானே படிக்கிறேன், ஒரு கார்டு போட்டிருக்கக் கூடாதா என்று. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நானும் அன்றைக்கு ஏதோ பதிலுக்குச் சொல்லிவிட்டேன். இப்போது சொல்கிறேன், நீ கேட்டது நியாயமான கேள்விதான் ஐயா.

இசக்கிமுத்து சாகவில்லை. செத்திருந்தால் அந்தக் கிருமியும் அவனோடு போயிருக்கும் என்று நினைக்கிற அளவுக்கு என் மனசு கெட்டுப்போயிருக்கிறது. அவன் ஒரு நாள் நன்றாக இருப்பான், ஒரு நாள் படுப்பான். தாராவியில் எல்லோரும் அவனைக் கண்டு ஒதுங்கவும், டிராம்பே பக்கம் எண்ணெய்த் தொழிற்சாலைக் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கிளம்பிவிட்டான். அங்கே கொட்டகையில் வரிசையாகப் படுக்கிற ஆட்களோடு அவனும் படுத்தான். ஆண்டாப் ஹில்லில் அவன் அக்கா இருக்கிறாள், நான்கு பிள்ளைக்காரி, லீவு நாளில் அங்கே போவான். இரண்டு பஸ் மாறிப் போவான், வழியெல்லாம் இருமிக்கொண்டே போவான். அவனைப் போல எத்தனை பேர் எங்கெங்கே போனார்களோ, யார் கண்டது? போன மாதம் நீ அலுத்துக்கொண்டாயே, டிராம்பே ஆட்கள் சில பேருக்கு முழு மருந்து கொடுத்தாலும் நோய் குறைவதில்லை என்று. "எல்லாம் ஜூட்டும்மா, பொய் சொல்லுதானுவ. மாத்திரைய வாங்கிட்டுப் போயி கடையில வித்துருதானுவ" என்றாய். அவர்கள் பொய் சொல்லவில்லை துரை. விற்கவும் இல்லை. அவர்கள் நெஞ்சில் இருப்பது உன் அப்பா செய்தித்தாளில் அடுக்கிய கூறுகளின் மிச்சம்.

இப்போது உன் காகிதத்துக்கு வருகிறேன். எதற்கு எவ்வளவு என்று சொல்ல நான் டாக்டரில்லை. ஆனால் பாதியில் நிற்கிற காரியம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் கொசு மருந்து அடிக்க நம் சந்துக்கு வந்தார்களே, பாதிச் சந்தோடு மருந்து தீர்ந்துவிட்டது என்று டின்னைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார்கள். கொசுவெல்லாம் மூட்டை முடிச்சோடு எங்கள் பக்கம் குடிவந்துவிட்டது என்று பெண்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் எல்லோரும் அந்த மாதம் குளிர்காய்ச்சலில் படுத்தோம். சாக்கடையைப் பாதி தூரம் மூடினால் மீதிப் பாதியில் தேங்கி நிற்கும். தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு அம்மை குத்தினால், குத்தாத பாதியை அம்மை வீடு வீடாகத் தேடிப்பிடிக்கும். ஐந்து காரியத்துக்கும் சமமாகப் பிரித்தால், ஐந்தும் பாதியில் நிற்கும். சந்திரனிலேயே மனுஷன் இறங்கிவிட்டானாம் இந்த மாதம், பேப்பரில் படம் போட்டிருக்கிறான். பாதிப் பெட்ரோலைப் போட்டு, மீதியை எல்லோருக்கும் பங்கு வைத்துவிட்டா அனுப்பியிருப்பான்?

நீ ஏன் சமமாகப் பிரித்தாய் என்று எனக்குத் தெரியும். அண்ணாச்சி ஏன் பிரித்தாரோ அதற்காகத்தான். யாருக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்கு நியாயம் என்று பெயர் வைத்துக்கொண்டால் ராத்திரி தூக்கம் வரும். உன்னைக் கோழை என்று சொல்லவில்லை. நீ உன் அப்பாவின் பிள்ளை, அவ்வளவுதான். ஆனால் அவர் படிக்காதவர். அவருக்குப் பின்விளைவு தெரியாது. உனக்குத் தெரியும். தெரிந்தும் முதுகைத் திருப்பிக்கொண்டு பெயர் சொல்கிறாய்.

இனிதான் நான் உன்னிடம் பேச முடியாமல் எழுத உட்கார்ந்த காரணம். உட்கார்ந்துகொண்டு படி. பொங்கலுக்கு முன்னாலிருந்து எனக்கு இருமல். பனி, வெயில், சாக்பீஸ் தூசி என்று ஒவ்வொன்றின் மேலும் பழிபோட்டேன், சுக்குத் தண்ணீர் குடித்தேன். சளியில் சிவப்பாகப் பார்த்த அன்று மாட்டுங்கா டாக்டரிடம் போனேன். அதே டாக்டர்தான், தலை முழுக்க நரைத்துவிட்டது. அதே நோய்தான். உனக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது, புது உத்தியோகம் வேறு. இவனை எதற்குக் கலக்க வேண்டும் என்று மறைத்துவிட்டேன். டாக்டர் சொன்னபடி லீவு போட்டேன், ஊசி போட்டுக்கொண்டேன், ஒரு வேளை தவறாமல் மாத்திரை தின்றேன். கொஞ்ச நாளில் இனிமேல் மற்றவர்களுக்கு ஒட்டாது, பள்ளிக்கூடம் போகலாம் என்றார். போனேன். உங்கள் வீட்டுக்கும் வந்தேன், பேத்தியை மடியில் போட்டுத் தூங்கவைத்தேன். ஆனால் உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. டாக்டருக்குச் சந்தேகம் வந்து, என் சளியை எங்கேயோ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வளர்த்துப் பார்க்கச் சொன்னார். புதன்கிழமை கூப்பிட்டனுப்பினார்.

"டீச்சர், எப்படிச் சொல்றதுன்னு தெரியலை" என்றார். "ஊசிக்கும் மசியலை, மாத்திரைக்கும் மசியலை. நீங்க இத்தனை மாசம் தின்னதெல்லாம் வீண். இதுக்குன்னு வெளிநாட்டு மருந்து இருக்கு. கிடைக்கறதே கஷ்டம், விலையைக் கேட்டா மயக்கம் வரும்." பிறகு மெதுவாக, "உங்க பிள்ளைதானே செம்பூர்ல பணம் ஒதுக்கற இடத்துல இருக்கான்? அவன் மனசு வெச்சா..." என்று இழுத்தார். என் ஒருத்திக்கு அந்த மருந்து வாங்குகிற பணத்தில், புதிதாக நோய் கண்டவர்கள் ஒரு சந்து முழுக்க முழு மருந்து தின்று பிழைத்துவிடுவார்கள். இதையும் அவரேதான் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு ஆசையாக இருந்தது. என் பிள்ளை பேனாவில் இருக்கிறது என் உயிர், ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று மனசு அடித்துக்கொண்டது. நான் சாகப் பயப்படுகிறேன். உன் அப்பா மூச்சுக்குத் திணறியதைப் பார்த்தவள், பயப்படாமல் எப்படி இருப்பேன்? இதைப் படித்ததும் நீயும் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, அம்மாவுக்கு முதலில் என்று எழுத உட்காருவாய். அதற்குத்தான் சங்கத்தில் வாசிக்கச் சொன்னேன். ஊர் அறிந்தபிறகு உன்னால் அப்படி எழுத முடியாது, என்னாலும் கேட்க முடியாது. நீ உன் சம்பளத்தில் என்ன செய்வாயோ செய், அது தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ளது. அந்தப் பணத்தில் எனக்கு வேண்டாம். வேண்டாம் என்று எழுதிவிட்டேனே தவிர, மனசார எழுதினேன் என்று நினைத்துவிடாதே.

ஆரம்பிக்கிற எந்தக் காரியத்தையும் முடிக்க வழியிருந்தால் மட்டும் ஆரம்பி. மீதிக்கு இல்லை என்று சொல். யார் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுமோ அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல். காறித் துப்புவார்கள், துடைத்துக்கொள். உன் மனைவியிடம் சொல்லி, பேத்தியை உடனே கொண்டுபோய் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார். அவளை நான் இனித் தூக்கப் போவதில்லை, என் வீட்டுப் பக்கமும் கொண்டுவர வேண்டாம்.

ஆனால் திங்கட்கிழமை நீ அந்தக் காகிதத்தைக் கொடுப்பதற்கு முன்னால், நான் கேட்கிற ஒன்றே ஒன்றை மட்டும் செய்துவிடு. என் பள்ளிக்கூடம் உன் எல்லைக்குள் வராது என்று சட்டம் பேசாதே. யார் கையையாவது காலையாவது பிடித்து ஒரு டாக்டரை அங்கே அனுப்பு, இல்லாவிட்டால் நீயே வா. ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து, இனி ஒட்டாது என்று நம்பிக்கொண்டு, தினமும் அந்த ஜன்னலில்லாத அறையில் நின்று சத்தமாக வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மழைக்காகக் கதவையும் சாத்தியிருந்தோம். பிள்ளைகளை முன்பெஞ்சிலிருந்து பார்க்க ஆரம்பிக்கச் சொல். குட்டைப் பிள்ளைகளை, கரும்பலகை தெரியட்டும் என்று, நான்தான் எனக்கு நேர் எதிரே உட்காரவைத்திருக்கிறேன்.

உன் அம்மா